செய்வதற்கு ஒன்றுமில்லையா?

ஒரு வீட்டிலே குழந்தை பிறக்கப் போகின்றதென்றால், மாதக் கணக்கில் முன்னதாகவே அவ்வீடு ஆயத்தமாகி விடுகின்றது. தொட்டில் தேடுவார் ஒருவர். பத்தியத்துக்குச் சரக்கு இடித்து வைப்பார் ஒருவர். பழைய வேட்டியைத் தோய்த்து மடித்து வைப்பார் இன்னொருவர். அரசாங்கத்தின் குடும்பநல மாது வாசலுக்கே வந்து விசாரித்துச் செல்கிறார். அதே வீட்டிலே ஒருவர் இறக்கப் போகின்றார் என்றாலோ எல்லாம் மாறிவிடுகின்றன. குரலைத் தாழ்த்திக் கொள்கிறோம். நோயின் பெயரை உச்சரிக்கவும் அஞ்சுகிறோம். சிறுவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம். என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை, கேட்பதற்கும் ஆளில்லை.

பிறப்பும் இறப்பும் எல்லா வீட்டுக்கும் பொது. ஒன்றுக்கு இத்தனை ஆயத்தமும், மற்றதற்கு இத்தனை அச்சமும் ஏன்? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பியவர் ஞானியோ நூலாசிரியரோ அல்லர். ஓய்வு பெற்ற தாதி ஒருவர்.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவையும் மூதூரையும் கடந்து வெருகலை நோக்கிச் செல்லும் வழியில், கடலும் களப்பும் கூடுமிடத்தில் அமைந்தது இலங்கைத்துறை. மீன்பிடியும் வேளாண்மையும் இப்பகுதி மக்களின் தொழில்கள். 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும், அதன்பின் போரினால் நேர்ந்த இடப்பெயர்வையும் கண்டு மீண்ட மக்கள் இவர்கள்.

இங்கெல்லாம் நோயாளியைக் கொண்டு செல்வது முன்னாளில் எளிதான காரியமாக இருக்கவில்லை. மூதூரிலிருந்து லோஞ்சு ஏறிக் குடாவைக் கடத்தல் வேண்டும். அல்லது தரைவழியில் ‘பாதை’ எனப்படும் மிதவைகளுக்காகக் காத்திருத்தல் வேண்டும். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. புற்றுநோய் என்றாலோ, நெடுங்காலம் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமையே பெரும்பாலும் கதியாக இருந்தது. அது 250 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பின்னரே மட்டக்களப்பு, தெல்லிப்பழை முதலிய இடங்களிலும் சிகிச்சை வசதிகள் ஏற்பட்டன.

இப்பகுதியில் வாழ்ந்த நம் பெரியம்மாவுக்கு வயிற்றிலே புற்று. பெரியதோர் ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் வைத்திருந்து, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று அனுப்பி விட்டார்கள். அவ்வாறு கூறியவர் கொடியவர் அல்லர். அவருடைய கையிலிருந்த வைத்தியம் முடிந்து விட்டது, அவ்வளவே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு நோயாளியுடன் வீடு வந்து சேர்ந்த குடும்பத்தின் நிலையை அனுபவித்தவர்களே அறிவர்.

காற்றுப் படக்கூடாதென்று அறையின் யன்னல்களை மூடி வைத்திருந்தோம். நோயைப் பற்றிப் பெரியம்மாவிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்த பேரனை, மனம் குழம்பிவிடும் என்று மாமன் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. டொக்டர் எழுதிக் கொடுத்த மோர்பின் குளிசைகள் அலுமாரியில் இருந்தன. பழகிப் போய்விடும் என்ற பயத்தால், பெரியம்மா வலி தாங்காமல் கதறும் வேளையில் மட்டும் ஒன்றைக் கொடுப்போம்.

மூன்றாம் நாள் மாலையிலே அடுத்த தெருவிலிருந்து அந்தத் தாதி வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க சேவையில் இருந்தவர். ஊரார் அவரை ‘நேர்ஸ் அம்மா’ என்றே அழைப்பர். வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேளாமல் யன்னலைத் திறந்தார். கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “அக்கா, எங்கே நோகுது?” என்று கேட்டார். அத்தனை நாளும் “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டோமேயன்றி, எங்கே நோகிறது என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது.

புறப்படும்போது வாசலில் நின்று அவர் நம்மிடம் கூறியது இது: “பிள்ளை, செய்ய ஒன்றுமில்லை என்று ஆர் சொன்னது? இனித்தான் வேலை தொடங்குது.”

தாதியாயிருந்து டொக்டரானவர்

அவ்வேலை எது என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியவரும் ஒரு தாதியே. அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் நகரின் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சி பெற்றார். முதுகு வலியினால் அத்தொழிலை விட நேர்ந்தது. பின்னர் நோயாளரின் குடும்ப நலன்களைக் கவனிக்கும் உத்தியோகத்தை மேற்கொண்டார்.

அப்பணியிலே அவர் சந்தித்தவர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டிலிருந்து வந்த யூதர். நாற்பது வயதளவில் புற்றுநோயால் இறந்து கொண்டிருந்தார். உற்றார் உறவினர் அருகில் இல்லை. தம் வாழ்வு பயனற்றுப் போயிற்றே என்ற ஏக்கமே அவருக்குப் பெருநோயாக இருந்தது. சிசிலி அடிக்கடி சென்று அவரருகே அமர்ந்து பேசினார். இறப்பவர்கள் வலியின்றி, மதிப்போடு தங்கக்கூடிய ஓர் இல்லம் அமையுமானால் எப்படியிருக்கும் என்று இருவரும் கூடிச் சிந்தித்தனர். 1948ஆம் ஆண்டில் டாஸ்மா இறந்தார். அமையப்போகும் அந்த இல்லத்தில் தாம் ஒரு யன்னலாக இருக்க வேண்டுமென்று கூறி, 500 பவுணை அவர் விட்டுச் சென்றிருந்தார்.

கட்டடமே இல்லை, யன்னலுக்குப் பணம் வந்துவிட்டது! அதனைச் சுற்றிச் சுவரெழுப்ப 19 ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்தில் சிசிலி மாலை வேளைகளிலே, மரணத் தறுவாயிலுள்ள ஏழைகளுக்கான சென்ற் லூக் இல்லத்தில் ஊதியமின்றித் தாதியாகப் பணி செய்தார். வலி வந்த பின் மருந்து கொடாமல், வலி வருமுன்னரே குறித்த நேரந்தோறும் வாய்வழியாக மோர்பின் கொடுக்கும் வழக்கத்தை அங்கே கண்டார். மரணத்தை நெருங்கியவர்களை டொக்டர்கள் கைவிட்டு விடுகிறார்கள். இதனை மாற்ற விரும்பினால் நீ டொக்டராக வேண்டும் என்று சத்திர வைத்தியர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறினார். முப்பது வயதைத் தாண்டிய நிலையில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1957ஆம் ஆண்டில் டொக்டரானார். 1967ஆம் ஆண்டில் இலண்டனின் தென்பகுதியில் சென்ற் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. டாஸ்மாவின் யன்னலும் அங்கே அமைந்தது. 2005ஆம் ஆண்டில், தம் 87ஆம் வயதில், அதே இல்லத்திலேயே புற்றுநோயால் சிசிலி காலமானார்.

இத்தகைய இல்லத்தை ஆங்கிலேயர் ‘ஹொஸ்பிஸ்’ என்பர். பண்டை நாளில் யாத்திரிகர் தங்கி இளைப்பாறும் மடத்துக்கு வழங்கிய பெயர் அது. நமக்கு இக்கருத்துப் புதிதன்று. வடக்கேயிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் திருகோணமலையைக் கடந்து, வெருகல் முருகன் கோயிலில் தங்கிச் செல்வதை இப்பகுதியார் ஆண்டுதோறும் காண்கிறார்கள். நடந்து களைத்தவனிடம், “நீ இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?” என்று கணக்குப் பார்த்தா நாம் தண்ணீர் கொடுக்கிறோம்? இல்லையன்றோ! ஹொஸ்பிஸ் என்பதன் தத்துவமும் அதுவே.

வலியின் நான்கு முகங்கள்

சிசிலி சாண்டர்ஸ் மருத்துவ உலகுக்கு அளித்த பெருங்கருத்து ‘முழு வலி’ என்பதாகும். நோயாளியின் வலி உடம்போடு நின்றுவிடுவதில்லை. அச்சமும் துயரமும் மனத்தின் வலி. கடனையும் கரைசேராத பிள்ளைகளையும் பற்றிய கவலை குடும்பத்தின் வலி. ‘எனக்கு ஏன் இது வந்தது?’ என்ற ஏக்கம் உயிரின் வலி. ஒன்றைத் தணியாமல் மற்றொன்று தணியாது.

நம் நேர்ஸ் அம்மா இக்கொள்கையைப் படித்திருந்தாரோ என்னவோ நாமறியோம். ஆனால் அவர் செய்ததெல்லாம் இதுவே. முதலில் குளிசையை ஒழுங்குபடுத்தினார். டொக்டர் எழுதிய நேரம் வந்ததும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தேயாக வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறினார். புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, மணிக் கணக்குப்படி, படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே வகுத்திருக்கிறது. வைத்தியரின் கட்டளைப்படி வலிக்காகக் கொடுக்கப்படும் மோர்பின், போதைப் பழக்கத்தை ஏற்படுத்துவது அரிது, உயிரைக் குறைப்பதுமன்று. மலச்சிக்கலே அதனால் பெரும்பாலும் வரும் தொல்லை, அதற்கும் மருந்துண்டு. அளவை நாமாகக் கூட்டுவதும் குறைப்பதுமே ஆபத்து. இரண்டாம் நாளிரவு பெரியம்மா ஆறு மணி நேரம் தொடர்ந்து உறங்கினார். அலுமாரியிலே மருந்தை வைத்துக்கொண்டு அவரை வேதனைப்பட விட்டோமே என்று நாம் வெட்கித்தோம்.

வலி தணிந்த பின்புதான் மற்றை வலிகள் வெளிவந்தன. “நான் போய்விட்டால் பொடியனின் படிப்பு என்னாகும்?” என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார். தம் நோய் இன்னதென்பது அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது. நாம் அவரிடமிருந்து மறைத்தோம். நாம் வருந்துவோமென்று அவர் நம்மிடமிருந்து மறைத்தார். ஒரே கூரையின்கீழ் ஒரே உண்மையை இருசாராரும் ஒளித்து வைத்திருந்தோம்.

தாதியின் மனத்திலிருந்த பாரம்

ஒரு மாலை, தேத்தண்ணீர் அருந்தியவாறே நேர்ஸ் அம்மா தம் பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். பயிற்சிக் காலத்திலே, நோயாளி இறந்தால் அது தோல்வி என்றே அவர் எண்ணியிருந்தாராம். வார்ட்டில் ஒரு மூலைக் கட்டில் உண்டு. மாற்ற முடியாதென்று தீர்ந்தவர்களை அங்கேதான் கிடத்துவார்கள். டொக்டர்கள் சுற்றி வரும்போது அந்தக் கட்டிலருகே வந்ததும் அவர்களின் நடை சற்று விரைவாகும். தாமும் அவ்வாறே விரைந்ததுண்டு என்றார்.

“ஓர் இரவு, அந்தக் கட்டிலில் இருந்த ஐயா என் கையைப் பிடித்து, ‘பிள்ளை, நான் சாகப் போகிறேனா?’ என்று கேட்டார். ‘விசர்க் கதை கதையாதேங்கோ, சுகம் வரும்’ என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டேன். விடிய அவர் இல்லை. அவர் செத்ததற்காக நான் வருந்தவில்லை. அந்த மறுமொழிக்காகத்தான் இன்றைக்கும் வருந்துகிறேன்.”

“வேறென்ன சொல்லியிருக்கலாம்?” என்று கேட்டோம்.

“ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ‘ஏன் ஐயா அப்படி நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருக்கலாம். அவர் பேசியிருப்பார்.”

அதன்பின் தாம் மூலைக் கட்டிலருகே முதலிற் சென்று, பின்னரே மற்றைக் கட்டில்களுக்குச் செல்வதென்று வழக்கப்படுத்திக் கொண்டதாகக் கூறினார். நம் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வார்ட்டில் அடுத்தடுத்துப் படுப்பர். ஒரு கட்டிலருகே தேவாரம், மற்றொன்றின் அருகே குர்ஆன், இன்னொன்றின் அருகே ஜெபம் அல்லது பிரித் என்று கேட்கும். “வணக்கம் வேறு வேறு. உதடு காய்வது எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான்” என்றார்.

வீட்டார் கற்க வேண்டியவை

அவர் நமக்குக் கற்றுத் தந்தவற்றை வாசகர்களுக்காக இங்கே கூறுவது கடமையாகும்.

படுக்கையில் அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மெல்லப் புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் உண்டாகும். விரிப்பிலே சுருக்கமும் ஈரமும் இருத்தலாகாது. வாயை ஈரத் துணியால் அடிக்கடி துடைத்து, உதட்டுக்குச் சிறிது எண்ணெய் தடவ வேண்டும்.

இறுதி நாட்களிலே பசியும் தாகமும் தாமாகவே குறையும். உண்ணாமையால் அவர் இறக்கவில்லை. இறந்து கொண்டிருப்பதால் உண்ணவில்லை. இதனையறியாது வாயிலே கஞ்சியைத் திணித்தால், அது மூச்சுக் குழாய்க்குட் புகுந்து துன்பம் விளைக்கும். ஒரு கரண்டி இளநீரை அவர் விரும்பினால் கொடுக்கலாம். வேண்டாமென்று வாயை மூடினால் விட்டுவிட வேண்டும். அன்பு என்று எண்ணி நாம் வற்புறுத்துவது அவருக்கு வேதனையாகலாம்.

கடைசி நேரத்தில் தொண்டையிலே சளி கரகரக்கும் ஒலி கேட்கும். மூச்சு விட்டு விட்டு வரும். கைகால் குளிரும். காண்பவருக்கு அச்சந்தரும் இவை, பெரும்பாலும் நோயாளிக்குத் துன்பந்தருவன அல்ல. தலையைச் சற்று உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஒலி தணியும். கண் திறவாதவருக்கும் காது கேட்கக்கூடும் என்பது தாதியரின் நெடுநாளைய நம்பிக்கை. அண்மைக்கால மூளை ஆய்வுகளும் அதற்கு ஆதரவாக உள்ளன. ஆகையால் அவரருகே நின்று சவ அடக்கச் செலவைப் பேசலாகாது. அவருடைய பெயரைச் சொல்லி அன்போடு பேசுதல் வேண்டும்.

யார் வாசலுக்கு வருவார்?

எல்லோருக்கும் இத்தகைய நேர்ஸ் அம்மா அடுத்த தெருவில் வாய்ப்பதில்லை. இல்லங்கள் சிலவுண்டு, இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த சேவன மகரகமையில் இருக்கிறது. ஆனால் வெருகலிலும் இலங்கைத்துறையிலும் உள்ள ஏழைக் குடும்பம், இறப்பதற்காக ஒருவரைக் கொழும்புக்கு அனுப்ப விரும்புமா? தம் வீட்டு முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டு கண்மூட வேண்டுமென்பதே நம்மவர் ஆசை.

இதற்கு வழி உண்டென்று காட்டியது கேரளம். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிக்கும் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினர். நோயாளர் நிலையத்தைத் தேடி வர முடியாத நிலையில், நிலையமே அவர்களைத் தேடிச் சென்றது. மலப்புறம் மாவட்டத்திலும் பிற இடங்களிலும் ஆசிரியர், மாணவர், கடைக்காரர், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்று, தாதியுடன் வீடு வீடாகச் சென்றனர். மருந்தோடு சில வீடுகளுக்கு அரிசியும், பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் கொண்டு போயினர். 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

நம் நாட்டுக்கு இது இயலாததன்று. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதர் சேவை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. 1930களில் 1,00,000 பிரசவங்களுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த நாட்டிலே, இக்காலத்தில் அத்தொகை நாற்பதுக்கும் கீழாகக் குறைந்துள்ளது. இதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், வாசலுக்கு வந்த அந்த மாதரின் பங்கு சிறிதன்று. பிறக்கும் உயிருக்காக வாசலுக்கு வரும் அரசாங்கம், பிரியும் உயிருக்காகவும் வரலாமன்றோ? 2019 முதல் 2023 வரைக்குமென வகுக்கப்பட்ட நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசியத் திட்டமும், பொதுச் சுகாதாரத் தாதியர் வீட்டுக்குச் சென்று கவனிக்க வேண்டிய அவசியத்தை எடுத்துக் கூறியிருக்கிறது. ஏட்டிலுள்ள அத்தாதி, குடாவுக்கு அப்பாலுள்ள கடைசிக் கிராமத்துக்கும் வந்து சேர வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.

மாணவர்களுக்கும் ஒரு சொல். தாதித் தொழில் என்றால் ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் மட்டுமே என்று எண்ணற்க. குணப்படுத்த முடியாதவரையும் ஆறுதற்படுத்தக் கூடிய தொழில் உலகில் அதிகமில்லை.

பெரியம்மா வீட்டுக்கு வந்த பின் 24 நாட்கள் இருந்தார். நேர்ஸ் அம்மாவின் சொற்படி பேரனை மீட்டும் அழைத்துக் கொண்டோம். அவன் அதே அறையில் மேசையைப் போட்டுப் படித்தான். இடையிடையே எழுந்து ஈரத் துணியால் அம்மம்மாவின் உதட்டைத் துடைத்தான். படிப்பைப் பற்றி அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நாம் கேட்டதில்லை. ஒரு விடியற் காலையில், யன்னல் திறந்திருக்க, மகளின் கை தம் நெற்றியிலிருக்க, பெரியம்மா அடங்கினார்.

நேர்ஸ் அம்மா வந்து பார்த்தார். அவரது தலைமயிரை வாரி முடித்தார். கையைக் கழுவித் துவாயில் துடைத்துக்கொண்டு, “மேற்குத் தெருவில் ஒருவர் வந்திருக்கிறாராம், போய்ப் பார்க்க வேண்டும்” என்று கூறிப் புறப்பட்டார். அந்த வீட்டுக்கும் எவரோ “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.